ஒரே அறையில் மூன்று வகுப்புகள்: ஒரு குழுவோடு நான் அமரும்போது மற்ற குழுக்களுக்கு என்ன வேலை தருவது?

பனையோலை (கேள்வி)

வணக்கம். ஈராசிரியர் தொடக்கப் பள்ளி ஒன்றில் இந்தக் கல்வியாண்டில்தான் பணியில் சேர்ந்திருக்கிறேன். நான்காம், ஐந்தாம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். ஒன்று முதல் மூன்று வரையுள்ள 23 பிள்ளைகள் என் பொறுப்பு. மூன்று வகுப்புகளுக்கும் ஒரே அறைதான். அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி, தொடக்க நிலையிலிருந்து மேல்நோக்கி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுக்களாகப் பிரித்து அமர்த்தியிருக்கிறேன். எந்த வகுப்பு என்று பார்க்காமல், பிள்ளை எந்த நிலையில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கும் அந்த ஏற்பாட்டில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நடைமுறையில்தான் இடிக்கிறது. அரும்புக் குழுவில் இருப்பவர்கள் கையைப் பிடித்துச் சுழி காட்ட வேண்டிய பிள்ளைகள்; பக்கத்தில் அரை மணி நேரமாவது அமராமல் ஒன்றும் நடக்காது. அதற்குள் மலர்க் குழுவினர் பயிற்சி நூலில் கொடுத்த பக்கத்தை முடித்துவிட்டு, "டீச்சர், முடிச்சிட்டேன்" என்று நோட்டை நீட்டிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வரிசை கட்டி நிற்கிறார்கள். திருத்தத் திரும்பினால் அரும்பு கலைகிறது. திரும்பாவிட்டால் மலரில் சண்டை மூள்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் தமிழில் அரும்பு நிலையில் இருக்கிறான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு அமர்வது அவனுக்குக் கூச்சமாக இருப்பதால் வாயே திறப்பதில்லை. கணக்கில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. பல நிலைப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பித்த அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

மணிச்சத்தம்

வணக்கம் அம்மா. நான் பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அன்றைய ஆணையர் விஜயகுமார் முன்னின்று தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் உள்ள தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது நாங்களும் இதே திணறலைத்தான் சந்தித்தோம். ஆந்திரத்தின் ரிஷி வேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான ஏணிப்படி முறையிலிருந்து எடுத்த யோசனை அது. கற்க வேண்டியவற்றைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் படம்தான் ஏணிப்படி. பிள்ளை அதில் தான் நிற்கும் படியைப் பார்த்து, தட்டிலிருந்து தனக்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு குழுவில் போய் அமரும். ஒரு வாரம் பள்ளிக்கு வராத பிள்ளைகூட விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்பது அதன் பெரிய பலம். அட்டைகளைத் தேடித் தருவதிலும் பதிவேட்டில் குறிப்பதிலும் ஆசிரியரின் பாதிப் பொழுது கழிந்துபோனதைப் பலவீனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்து ஏற்பாடுகளில் இன்றும் கைகொடுக்கக்கூடிய ஒன்று உங்கள் அறையிலேயே இருக்கலாம். சுவரின் அடிப்பகுதியில், தரையில் அமர்ந்த பிள்ளைக்குக் கை எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு கட்டமாகப் பிரித்துக் கரும்பலகை அமைத்திருப்பார்கள். பல பள்ளிகளில் அதன்மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். உங்கள் அறையில் இருந்தால் மறுபடி கறுப்பு வண்ணம் பூசச் சொல்லுங்கள். பிள்ளைகள் அங்கே எழுதினால், நீங்கள் அரும்புக் குழுவோடு அமர்ந்தபடியே தலையை உயர்த்தி யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துவிடலாம். நோட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் உங்களிடம் வர வேண்டியதில்லை.

என் அனுபவத்தில் அந்த வரிசைக்குக் காரணம் வேலை சீக்கிரம் முடிந்துவிடுவது மட்டுமில்லை. விடை சரியா என்பதை ஆசிரியர்தான் சொல்ல முடியும் என்கிற வகையில் நாம் வேலை கொடுப்பதால்தான் அவர்கள் வந்து நிற்கிறார்கள். தனியாக இயங்கவேண்டிய குழுவுக்கு, சரியா தவறா என்பதைத் தானே காட்டிக்கொடுக்கும் வேலையாகப் பார்த்துக் கொடுங்கள். பழைய அழைப்பிதழ் அட்டையில் ஒரு சொல்லை எழுதி, எழுத்துகளுக்கு நடுவே வளைத்து நெளித்து வெட்டிவிட்டால், சரியான துண்டோடு மட்டுமே அது பொருந்தும். மொட்டுக் குழுவுக்கு இது போதும். ட, ப, ம மூன்றும் தெரிந்து, புள்ளி வைக்கவும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று பிள்ளைகளே சேர்த்துக்கொண்டு போவார்கள். 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மலர்க் குழுவுக்கு ஒரு கதையின் வாக்கியங்களைத் தனித்தனித் தாள்பட்டைகளில் எழுதிக் கலைத்துப் போட்டு, வரிசைப்படுத்தச் சொல்லலாம். பட்டைகளின் பின்புறம் எண் இருந்தால் திருப்பிப் பார்த்துத் தாங்களே திருத்திக்கொள்வார்கள். முதலிலேயே திருப்பிப் பார்க்கும் ஓரிருவர் எல்லா வகுப்பிலும் உண்டு. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

ஈர்க்குச்சி

ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். கணக்கில் இது இன்னும் எளிது என்பதால் நான் செய்துவரும் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்பில் பலர் 35 என்று எழுதுவார்கள். 2இலிருந்து 7 போகாது, ஆகவே 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுவோம் என்று பிள்ளை தனக்குத்தானே ஒரு விதி செய்துகொள்கிறது. பலகையில் எத்தனை முறை கடன் வாங்கிக் காட்டினாலும் அந்த விதி எளிதில் போவதில்லை. தென்னை ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். கட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். அதுவே ஒரு பாடவேளைக்கு நல்ல செயல்பாடு. பிறகு இருவர் இருவராக அமர்த்தி, ஒருவரிடம் நான்கு கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து, பதினேழு குச்சிகளை அடுத்தவருக்குத் தரச் சொல்லுங்கள். ஒரு கட்டைத் தந்தாயிற்று. இன்னும் ஏழு தர வேண்டும், கையிலோ இரண்டுதான் உதிரி. சிறிது நேரம் விழிப்பார்கள். நீங்கள் எதுவும் சொல்லாமல் இருந்தால் யாராவது ஒரு கட்டின் வளையத்தைக் கழற்றுவார்கள். இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் மிஞ்சியதைப் பார்த்த பிறகுதான் நோட்டில் எழுத வேண்டும். கொடுத்ததையும் மிஞ்சியதையும் சேர்த்தால் பழையபடி 42 வருகிறதா என்று எண்ணிப் பார்ப்பதே திருத்தம். ஆசிரியரைத் தேடி வரத் தேவையே இல்லை.

அடுத்ததாக 40இலிருந்து 17ஐக் கொடுங்கள். உதிரியே இல்லாத அந்தக் கணக்கில்தான் யாருக்குப் புரிந்தது, யார் பக்கத்தில் பார்த்துச் செய்தார்கள் என்பது தெரியும். உங்கள் மூன்றாம் வகுப்பு மாணவன் கணக்கில் தேறியவன் என்பதால் எந்த இணைக்கு எந்த எண் என்று முடிவு செய்யும் பொறுப்பை அவனிடம் கொடுத்துப் பார்க்கலாம்.

ஊர்க்குருவி

கடைசியாகச் சொன்ன யோசனையில் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. கணக்கில் தலைமை கொடுத்தால் தமிழில் உள்ள கூச்சம் தானாக விலகிவிடும் என்று எண்ணிவிட முடியாது. நிலை என்பது பாடத்துக்குப் பாடம் வேறு என்பதை எல்லாப் பிள்ளைகளும் கண்ணால் காணும்படி, தமிழ் வேளை முடிந்ததும் குழுக்களைக் கலைத்து, கணக்கு வேளைக்கு வேறு வகையில் அமர்த்துவதுதான் முதலில் செய்ய வேண்டியது. நாள் முழுக்க ஒரே பாயில் ஒரே குழு அமர்ந்திருந்தால், அரும்பு என்பது அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பெயராகவே ஆகிவிடும்.

அவன் எங்கே தடுக்கி நிற்கிறான் என்பதையும் தனியாக உட்கார்த்திப் பார்த்துவிடுங்கள். எட்டு வயதில் அரும்பில் நிற்கும் பிள்ளைகளில் பலருக்கு அகர வரிசை உயிர்மெய் தெரிந்திருக்கும்; கொம்பு வரும் இடத்தில்தான் குழம்புவார்கள். "கெ" என்று சொல்லும்போது மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கிறது. எழுதும்போதோ கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. "கொ" என்றால் முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு துணைக்காலும். ஒலியைக் கேட்டு ஒழுங்காக எழுதும் பிள்ளைதான் இங்கே கொம்பைப் பின்னால் போடும். அவனுடைய சிக்கலும் இதுவாக இருந்தால், அவனை ட, ப, ம என்று தொடக்கத்துக்கு அனுப்புவது வீண். கொம்பு எழுத்துகள் வரும் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு தினமும் பத்து நிமிடம் செலவிட்டால் போதும். காலை உணவுத் திட்டம் வந்தபின் எங்கள் பள்ளியில் பிள்ளைகள் முதல் மணிக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் யாரும் சுற்றி நின்று பார்க்காமல் செய்யலாம்.

எல்லாரும் ஒன்றாக அமரும் வேளை ஒன்று நாள்தோறும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். தாகமெடுத்த காகம் பானையில் கல் போட்ட கதையை 23 பேருக்கும் சொல்லுங்கள், நடித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அதே கதையிலிருந்து அரும்பு "கா" வரும் சொற்களைத் தேடட்டும், மொட்டு வாக்கியப் பட்டைகளை அடுக்கட்டும், அக்கம்பக்கத்தில் கல்லே இல்லையென்றால் காகம் என்ன செய்திருக்கும் என்று மலர் எழுதட்டும். நடிப்பதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை என்பதால் உங்கள் மாணவன் வாய் திறக்க அதுவே நல்ல இடம்.

பனையோலை

மூவருக்கும் நன்றி. சுவரின் அடியில் நீங்கள் சொன்ன கட்டங்களின் தடம் தெரிகிறது, தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறேன். ஒரே ஒரு ஐயம். குச்சியும் பட்டையுமாக நேரம் போனால் பயிற்சி நூலில் பக்கங்கள் நிரம்பாது. பள்ளிப் பார்வைக்கு வருபவர்கள் முதலில் கையில் எடுப்பது அதைத்தானே?

மணிச்சத்தம்

எடுக்கத்தான் செய்வார்கள். ஆகவே அந்தப் பக்கத்தை விட்டுவிடாமல், செயல்பாடு முடிந்த பிறகு கடைசிப் பதினைந்து நிமிடத்தில் செய்ய வையுங்கள். குச்சியில் செய்து முடித்த கணக்கைப் பயிற்சி நூலில் போட அதிக நேரம் ஆகாது. பாடக்குறிப்பேட்டில் அன்றைய செயல்பாட்டை எந்தப் பக்கத்துக்காகச் செய்தீர்கள் என்று பக்க எண்ணோடு ஒரு வரி எழுதிவிடுங்கள். நிரம்பாத பக்கத்துக்கு யாராவது விளக்கம் கேட்டால், 40இலிருந்து 17ஐ அந்தப் பிள்ளையிடமே கேட்டுப் பார்க்கச் சொல்லலாம்.