பெரிய வீடு குரூப்: புயலா, இல்லையா?

28 நவம்பர் 2024, வியாழன்

செல்வி அத்தை (கடலூர்) மாலை 6:12
கார்த்தி, நேத்தே புயலாயிடும்னாங்க. டிவியில இன்னும் ஆழ்ந்த காத்தழுத்தத் தாழ்வு மண்டலம்னே ஓடுது. மாமா படகைக் கரையேத்திப் போட்டுட்டு வீட்டுல உக்காந்து என் உயிரை வாங்கறாரு.

கார்த்தி (வேளச்சேரி) 6:20
62 கி.மீ. வேகத்துல நிலையா அடிச்சாத்தான் புயல் அத்தை. இது அதுக்குக் கொஞ்சம் கீழ நிக்குது. திரிகோணமலைப் பக்கம் ஆமை மாதிரி நகருது. உயரத்துல அடிக்கிற காத்து மேகத்தை ஒரு பக்கமாத் தள்ளுது, வறண்ட காத்து வேற உள்ள பூருது. அதான் கட்டி நிக்க மாட்டேங்குது.

சுதா அக்கா 6:24
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா (புதுச்சேரி) 6:31
என்னம்மா அழிச்சே?

சுதா அக்கா 6:32
ஃபார்வர்டு பெரியப்பா. 140 கி.மீ.ன்னு இருந்துச்சு. கார்த்தி தனியா வந்து திட்டினான் 😄

பெரியப்பா 6:40
அந்த 140, ‘தானே’ன்னு பேரு வச்ச பழைய புயலோட கணக்கு. 2011 டிசம்பர் 30. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி ஒண்ணு விடாம சாஞ்சுது.

ராஜேஷ் (துபாய்) 7:02
சனிக்கிழமை சாயங்காலம் சென்னையில இறங்கறேன். டிக்கெட்டை மாத்தவா, வேணாமா?

கார்த்தி 7:10
இப்போதைக்கு, புயலானாலும் தாங்காது, 30ஆம் தேதி தாழ்வு மண்டலமாத்தான் கரையைக் கடக்கும்னு சொல்றாங்க. காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல.

சுதா அக்கா 7:11
அப்பாடா. வாங்கின மெழுகுவர்த்தி தீபத்துக்கு ஆச்சு.

கார்த்தி 7:19
எடுத்து வைக்காதீங்கக்கா. புயல்ங்கற பேரு காத்துக்கு, மழைக்கு இல்ல. 2015 டிசம்பர் 1 நாம மூழ்கினப்ப எந்தப் புயல் வந்துச்சு? எனக்கு வேகத்தைவிட இது நகராம உக்காந்துக்குமோன்னுதான் பயம்.

29 நவம்பர், வெள்ளி

செல்வி அத்தை மாலை 3:38
டேய்! புயல்னு போட்டுட்டான்!!

கார்த்தி 3:45
ஆமா, 2:30 மணிக்கு. ஃபெங்கல். சவூதி குடுத்த பேரு. நாளைக்குப் புதுச்சேரி பக்கம். 70-80, நடுநடுவுல 90 வரைக்கும் அடிக்கலாம்.

பெரியப்பா 3:52
ஆகும்னாங்க, ஆகாதுன்னாங்க, இப்ப ஆயிடுச்சுங்கறாங்க. சீட்டுக் குலுக்கிப் பாக்கறாங்களா?

கார்த்தி 4:01
நடுக்கடல்ல காத்தாடி வச்சு அளக்க ஆளா நிக்குது பெரியப்பா? சாட்டிலைட்ல மேகம் சுத்தற தினுசைப் பாத்துத்தான் வேகத்தைக் கணிக்கிறாங்க. இது ரெண்டு நாளா அந்த 62 வரம்பை ஒட்டியே நின்னுச்சு. நீங்க இன்னைக்கே மோட்டாரைப் போட்டு டேங்கை ரொப்பிடுங்க.

30 நவம்பர், சனி

கார்த்தி காலை 9:15
காரை மேம்பாலத்துல விட்டுட்டேன். எங்க ஏரியா ஆளுங்க பாதிப்பேர் வண்டி அங்கதான்.

ராஜேஷ் மதியம் 1:05
சென்னை ஏர்போர்ட்டை மூடிட்டாங்க. சாயங்காலம் 7 மணி வரைக்குமாம். நான் வீட்டுலயே இருக்கேன்.

பெரியப்பா இரவு 11:48
கரையைக் கடந்துடுச்சாம். காத்து தணிஞ்ச மாதிரிதான் இருக்கு. மழை மட்டும் விடவே இல்ல. கரண்ட் போயி நேரமாச்சு.

1 டிசம்பர், ஞாயிறு

பெரியப்பா காலை 6:20
ஹால்ல முழங்கால் தண்ணி. ஃப்ரிட்ஜ் சாஞ்சு மிதக்குது. மெயினை அணைச்சுட்டு மாடிக்கு வந்துட்டோம்.

கார்த்தி 9:30
புதுச்சேரியில 24 மணி நேரத்துல 46 செ.மீ.! இதுக்கு முன்னாடி உச்சம் 2004-ல பெஞ்ச 21 தான். கரையேறி உங்க பக்கத்துலயே நிக்குது பெரியப்பா. நகரவே இல்ல.

செல்வி அத்தை 9:34
இன்னும் புயல்தானா, இறங்கிடுச்சா?

பெரியப்பா 9:36
அதை அப்புறம் கேளு செல்வி. போன்ல 9% தான் இருக்கு. கிருஷ்ணா நகர்னு சொல்லி யாராவது கண்ட்ரோல் ரூமுக்கு அடிங்க. பக்கத்து வீட்டுப் பாட்டியால மாடியேற முடியல, கட்டில்மேல உக்கார வச்சிருக்கோம்.

சுதா அக்கா 9:37
நான் அடிக்கறேன். வேற யாரும் பெரியப்பாவுக்குப் போன் பண்ணாதீங்க, சார்ஜ் போயிடும்.

சுதா அக்கா 10:52
ராணுவம் போட்டோட உங்க ஏரியாவுல இறங்கியிருக்காம். பாட்டியோட மாத்திரை டப்பாவைக் கையில எடுத்து வச்சுக்கச் சொல்லுங்க.