அழகாபுரம் தெருக் குழு: சயின்ஸ் டீச்சர் ஆராய்ச்சி பண்ண வழி இருக்கா?

நித்யா (மாலை 7:04)
பரமசிவம் சார், ஃபாத்திமா மிஸ், ஒரு சந்தேகம். ஏற்காட்டு ஸ்கூல்ல பி.டி. (பட்டதாரி ஆசிரியர்) சயின்ஸ் பாக்கறேன். பயிற்சி, ஆராய்ச்சின்னு எங்க அப்ளை பண்ணலாம்? தேடினா எல்லாம் காலேஜ் ஆளுங்களுக்குத்தான் வருது.

பரமசிவம் சார் (7:11)
ஸ்கூல் ஆளுங்களுக்கும் இருக்கும்மா. கர்நாடகால சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரேல, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு (ஐ.ஐ.எஸ்.சி.) இன்னொரு வளாகம் இருக்கு. அங்க அறிவியல், கணக்கு டீச்சருங்களுக்குத் தங்கிப் படிக்கற பயிற்சி நடக்குது. லேப்ல நம்ம கையாலயே செய்ய வைப்பாங்க. மும்பைல ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், அது டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோடது. மைசூர்ல ஆர்.ஐ.இ.ன்னு மண்டலக் கல்வி நிறுவனம், என்.சி.இ.ஆர்.டி.யோடது, தமிழ்நாடும் அதோட எல்லைல வருது.

ஃபாத்திமா மிஸ் (7:14)
ஹோமி பாபால இடம் கிடைக்கலைன்னாலும் அவங்க 'விஞ்ஞான் பிரதிபா' பாட யூனிட்டுகளை இறக்கிப் படிங்க. 8 முதல் 10ஆம் வகுப்பு வரைக்கும், காசு இல்ல. மாணவருக்கு ஒண்ணு, டீச்சருக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கும். நாலு நாள் உக்காந்து சர்டிபிகேட் வாங்கற ஆன்லைன் கோர்ஸைவிட எனக்கு இதுதான் உருப்படியா தெரியுது.

பரமசிவம் சார் (7:16)
இயற்பியல்ல ஆர்வம் இருந்தா ஜெனீவால செர்ன்னு இருக்கற துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்துல 1998லேர்ந்து மேல்நிலைப்பள்ளி டீச்சருங்களுக்கு ரெண்டு வாரப் பயிற்சி நடக்குது, முழுக்க இங்கிலீஷ்ல. அரசு ஊழியர்னா பாஸ்போர்ட்டுக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் துறை அனுமதி தனியா வாங்கணும். அதை முதல்ல ஆரம்பிக்கணும்.

ரவி (7:17)
டீச்சர் ஜெனீவா போனா தெருவுக்கே சாக்லேட் 😄

நித்யா (7:19)
முதல்ல பயிற்சிக்குப் போக ஓ.டி. (ஆன் டியூட்டி அனுமதி) கிடைக்கட்டும் ரவிண்ணா

பரமசிவம் சார் (7:25)
அங்கதான் பாதிப் பேர் கோட்டை விடறாங்க. அப்ளிகேஷனை தலைமை ஆசிரியர் மூலமா முறையான வழில அனுப்பணும், சரி. ஆனா ஃபைல் மேஜை மேஜையா நகர்றதுக்குள்ள கடைசித் தேதி போயிடும். அதனால ஒரு அட்வான்ஸ் காப்பியை நடத்தறவங்களுக்கு நேராவே அனுப்பிடுங்க, 'மூலப்படி முறையான வழியில் வருகிறது'ன்னு ஒரு வரி போட்டு. அனுமதி கேக்கற கடிதத்தோட அறிவிப்பு நகல், தேதிகள், அந்த நாட்கள்ல உங்க வகுப்பை யார் எடுக்கறாங்கன்னு பேரு, செலவை யார் ஏத்துக்கறாங்கன்னு ஒரு வாக்கியம், இதெல்லாம் வேணும். இந்தக் கடைசி ரெண்டும் இல்லாமப் போனா விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்புவாங்க. மே மாசப் பயிற்சின்னா பிரச்சனை பாதியா குறையும்.

செல்வி அக்கா (7:27)
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நாளைக்குக் காலைல மேட்டூர் தண்ணி வராதாம். இப்பவே பிடிச்சு வச்சுக்கோங்க.

ஃபாத்திமா மிஸ் (7:33)
நித்யா, ஆராய்ச்சின்னா வெளிய போய்த்தான் பண்ணணும்னு இல்ல. நீங்க இருக்கற இடமே நல்ல லேப். சேலம் கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1500 சொச்சம். தண்ணி சேலத்துல 99 டிகிரி பக்கத்துல கொதிக்கும், மேல காத்தழுத்தம் கம்மி, அதனால 95ல கொதிக்கும். நம்ம பசங்க 'தண்ணி 100ல கொதிக்கும்'னு மனப்பாடமா எழுதுவாங்க. அந்த எண்ணம் எப்ப மாறுது, எதனால மாறுதுன்னு பாருங்க. செயல் ஆராய்ச்சிக்கு, அதாவது நம்ம வகுப்புப் பிரச்சனையை நாமளே செஞ்சு பாத்து ஆராயறதுக்கு, இது போதும்.

ரவி (7:35)
ஓ, மேல பருப்பு வேகாம படுத்தறது இதனாலதானா

ஃபாத்திமா மிஸ் (7:36)
அதேதான். குக்கர் போட்டா அழுத்தம் ஏறி சரியாயிடும்.

நித்யா (7:38)
மிஸ், எப்படி ஆரம்பிக்கறது? ரெண்டு செக்‌ஷன் இருக்கு.

ஃபாத்திமா மிஸ் (7:49)
ரெண்டு செக்‌ஷனுக்கும் ஒரே கேள்வித்தாள் முதல்ல கொடுங்க, 6 கேள்வி போதும். ஒவ்வொண்ணுலயும் விடை ஒண்ணு, 'ஏன்'னு காரணம் ஒண்ணு. வெறும் டிக் மட்டும்னா குத்துமதிப்பா போட்டதும் சரியாயிடும்.
அப்புறம் ஒரு செக்‌ஷன் சோதனையைத் தானே செய்யட்டும், இன்னொண்ணுக்கு வழக்கம்போல பாடம். முடிஞ்சதும் அதே தாள். 5 வாரம் கழிச்சு மறுபடியும் அதே தாள், ஆனா சொல்லாம. ரெண்டாவது தாள்ல எல்லாருமே ஏறியிருப்பாங்க, மூணாவதுலதான் நிஜம் தெரியும்.
ஏ செக்‌ஷன் இங்கிலீஷ் மீடியம், பி தமிழ் மீடியம்னு இருந்தா ரெண்டும் சமமா தொடங்கல. கடைசி மார்க்கை ஒப்பிடாதீங்க, ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு ஏறினாங்கன்னு பாருங்க. ஏதாவது ஒரு தாளுக்கு வராதவங்களை மூணுலயுமே விட்டுடணும்.

பரமசிவம் சார் (7:53)
சதவீதம் போடாதீங்கம்மா. 30 பேர்ல ஒருத்தர்னாலே 3.3 சதவீதம். '30ல 11 பேர்'னு எழுதினா படிக்கறவங்களுக்கு நேரா புரியும். பேர் எழுதாம எண் போடுங்க. தலைமை ஆசிரியர் அனுமதியும் பெற்றோர் சம்மதமும் எழுத்துல இருக்கட்டும். சோதனை செய்யாத செக்‌ஷனுக்கும் மூணாவது தாள் முடிஞ்ச பிறகு செய்ய விடணும், அது நியாயம். எழுதினதை உத்தமசோழபுரத்துல இருக்கற மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனத்துல (டயட்) காட்டுங்க, செயல் ஆராய்ச்சி அவங்க வேலை.

நித்யா (7:55)
எங்க அனுப்பறது சார்? ஒருத்தர் காசு கட்டினா மூணு நாள்ல ஜர்னல்ல போட்டுத் தர்றேன்னு மெசேஜ் பண்றார்.

பரமசிவம் சார் (7:57)
பிளாக் பண்ணுங்க. மூணு நாள்ல யாரும் படிச்சுத் திருத்த முடியாது. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தோட 'ஐ ஒண்டர்', என்.சி.இ.ஆர்.டி.யோட 'ஸ்கூல் சயின்ஸ்', ரெண்டு பத்திரிகையும் பாருங்க.

ஃபாத்திமா மிஸ் (8:02)
உயிரியல் பக்கம் போகணும்னா சீசன்வாட்ச், மரங்கள் பருவத்துக்குத் தக்க மாறறதைப் பொதுமக்களே பதியற திட்டம். ஒரே பலா மரத்தை வாரா வாரம் பாத்து துளிர், பூ, காய் இல்லையா, கொஞ்சமா, நிறையவான்னு பதியணும். மலையடிவாரத்துல ஒண்ணு, மேல ஒண்ணுன்னு எடுத்தா உயர வித்தியாசத்தால மட்டும் 8 டிகிரி போல வெப்பம் மாறும், பூக்கற தேதியை ஒப்பிடலாம். நடுவுல ரெண்டு வாரம் விட்டுட்டா பூத்த தேதியே கைநழுவிடும். லீவுக்கு யார் பாக்கறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க.

நித்யா (8:05)
கொதிநிலையே முதல்ல. தெர்மாமீட்டர் எதுனாலும் பரவாயில்லையா?

ஃபாத்திமா மிஸ் (8:10)
110 வரைக்கும் போற லேப் தெர்மாமீட்டர். மேலயும் கீழயும் அதே ஒண்ணைத்தான் பயன்படுத்தணும், ரெண்டு வாங்கினா அதுங்களுக்குள்ளயே 1 டிகிரி வித்தியாசம் வரும், உங்களுக்குத் தேவையே 4தான். தெர்மாமீட்டரோட முனைக் குமிழ் பாத்திரத்தோட அடியைத் தொட்டா அதிகமாக் காட்டும். ஆர்.ஓ. தண்ணி எடுங்க, நல்லா தளதளன்னு கொதிச்சு அளவு நின்ன பிறகு படிங்க. அதுக்கு முன்னாடி ஐஸ்ல 0 காட்டுதான்னு பாத்துடுங்க.

நித்யா (8:11)
ஃப்ரிட்ஜ் ஐஸ் போதுமா மிஸ்?

ஃபாத்திமா மிஸ் (8:12)
போதும். பொடிச்சு, கொஞ்சம் தண்ணி விட்டுக் கலக்கி, 3 நிமிஷம் கழிச்சுப் பாருங்க.