மட்டியின் கீல்: ‘பல்’ என்று முடிப்பதா, ‘பூட்டு’ என்று முடிப்பதா?

மதிப்பிற்குரிய ஐயா, குழும அன்பர்களே, வணக்கம்.

மட்டி, சிப்பி முதலிய இரட்டையோட்டு மெல்லுடலிகளின் இரு ஓடுகளும் இணையும் இடமான கீலின் அமைப்பு வகைகளுக்குத் தாங்கள் முன்வைத்த வரிசைப்பல், வேற்றுப்பல், பிளவுப்பல், சமப்பல், குறைபல் ஆகிய சொற்களை டர்பனிலிருந்து படித்தேன். ஒவ்வொன்றும் கிரேக்க மூலத்துக்கு நேர்மையானதே. ஆயினும் எல்லாவற்றையும் ‘பல்’ என்று முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இவ்வுயிர்களின் வாயில் பல் கிடையாது. ஓடுகளைத் திறக்க முயல்வது முகட்டருகே (ஓட்டின் கூம்பிய உச்சியருகே) உள்ள மீள்தன்மை கொண்ட இணைப்பு நார். மூடுவது உள்ளிருக்கும் மூடுதசை. ஓர் ஓட்டின் மேடு மற்றதன் குழியில் அமர்ந்து, மூடிய ஓடுகள் பக்கவாட்டில் நழுவாமல் காப்பதே கீலிலுள்ள பல்லான ‘கீற்பல்’லின் வேலை. வியன்னாவில் பேராசிரியராக இருந்த மெல்கியோர் நொய்மாயர் 1883-இல் இவ்வகைப்பாட்டை வகுத்தபோது, கீலமைப்பு முழுவதையும் ஜெர்மன் வழக்கப்படி ‘பூட்டு’ என்றே குறித்தார். உடல் மூட்டையும் பூட்டு என்னும் வழக்கு நம்மிடமும் உண்டு. ஆகவே தனி உறுப்புக்குப் ‘பல்’, அமைப்பு வகைக்குப் ‘பூட்டு’ எனப் பிரித்துக்கொண்டால் பல சிக்கல்கள் தீரும் என்பது என் கருத்து.

ஆர்க்கா என்னும் மட்டி இனத்தின் நேரான கீலில் ஒரே மாதிரியான சிறு பற்கள் நெருக்கமாக நிற்கும். தாங்கள் ‘வரிசைப்பல்’ என்ற அதற்கு ‘நிரைப்பூட்டு’ போதும். ‘வேற்றுப்பல்’தான் பெரிய இடர். பாலூட்டிகளின் வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் வேறுபாட்டையும் விலங்கியலார் அதே கிரேக்கச் சொல்லால் (heterodont) குறிப்பதால், ஒரே பாடநூலில் மாணவர் குழம்ப நேரும். இங்கே உண்மையில் இருப்பவை முகட்டின் கீழே சில ‘முகட்டுப்பற்களும்’, அவற்றிலிருந்து விலகி நீண்டு கிடக்கும் ‘பக்கப்பற்களும்’ ஆகும். தென்னாப்பிரிக்க மேற்குக் கரை மணலில் தோண்டி எடுக்கும் வெண்மட்டி இவ்வகையினதே. ‘ஈரினப்பூட்டு’ என்பது அதனைச் சரியாகச் சொல்லும்.

‘சமப்பல்’ என்றால் எல்லாப் பற்களும் ஒத்தவை என்று படிப்பவர் எண்ணுவார். அது நிரைப்பூட்டுக்கே பொருந்தும். முட்சிப்பியான ஸ்பாண்டிலசில் ஓர் ஓட்டுக்கு இரு பற்களும் இரு குழிகளும் உள்ளன. அவை ஒன்றையொன்று கவ்வியிருப்பதால், கீலை உடைக்காமல் ஓடுகளைப் பிரிப்பது அரிது. எனவே ‘குமிழ்க்குழிப்பூட்டு’. சற்று நீளம்தான், ஆனால் பார்த்ததைச் சொல்கிறது.

டர்பனைச் சூழ்ந்த நேட்டால் கரைப் பாறைகளில் அப்பியிருக்கும் பழுப்பு மட்டிக்கு முகட்டருகே ஓரிரு சிறு பற்களே உள்ளன, ‘குறைபல்’லுக்கு மாற்றாக ‘நலிபூட்டு’ எனலாம். மையா என்னும் மட்டி இனத்தில் பல்லே இல்லை. இடது ஓட்டிலிருந்து நீளும் கரண்டி போன்ற தட்டில் நார் பற்றியிருக்கிறது. இதனைப் ‘பல்’ என்று முடியும் சொல்லால் அழைப்பது எவ்வாறு? ‘நார்ப்பூட்டு’ என்றால் முரண்பாடு இல்லை. சிப்பிகளுக்குப் ‘பல்லிலிப்பூட்டு’ எனலாம். ஆனால் நேட்டால் பாறைச் சிப்பியின் உள்விளிம்பில் மணிமணியாகத் தோன்றும் சிறு முண்டுகளைக் கீற்பல்லாகக் கொள்ளக் கூடாது; அவற்றுக்கு ‘விளிம்புமணி’ எனத் தனிச்சொல் தேவை.

‘பிளவு’ என்பதை மட்டும் அப்படியே ஏற்கிறேன். தென்னாப்பிரிக்காவின் யூட்டன்ஹேகில் (இன்றைய கரியேகா) கிடைக்கும், டைனோசர்கள் வாழ்ந்த கிரிடேசியக் காலத்து டிரைகோனியா வகை மட்டிப் புதைபடிவங்களின் இடது ஓட்டு நடுப்பல் பிளந்தே இருக்கிறது. அதன் பக்கங்களில் குறுக்கு வரிகளும் உண்டு. ‘பிளவுப்பூட்டு’ என்றால் உடைந்த பூட்டு எனப் பொருள் மயங்குமோ என்ற ஐயம் எனக்குண்டு. ‘பிளவுபற்பூட்டு’ நாவில் இடறுகிறது.

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் இங்குள்ள பிள்ளைகள் ‘கீற்பல்’லைக் ‘கீறல்’ என்று படித்துவிடக்கூடும். புணர்ச்சி விதி அறிந்தோர் பொறுத்தருளினால், பாடநூலில் ‘கீல்பல்’ என்றே பிரித்து எழுதலாம் என முன்மொழிகிறேன். டிரைகோனியாவுக்கு நல்ல சொல் தோன்றியவர்கள் எழுதுங்கள்.