புதுப்பிப்பு: கீட்ரா முகவரியும் டீபக்கர் முகவரியும் ஒத்துப்போகாத சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: 64-பிட் கிராக்மீ (உடைத்துப் பழகவென்றே எழுதிய சிறு நிரல்) ஒன்றில், நிரலைப் பிரித்துக் காட்டும் கீட்ரா தரும் முகவரியில், நிரலை ஓடவிட்டு ஆராயும் டீபக்கரான எக்ஸ்64டிபிஜி பிரேக்பாயின்ட் (நிரல் நிற்க வேண்டிய இடம்) வைக்க மறுத்தது.

தரமணி அக்கா சொன்னதுதான் சரி, காரணம் ஏஎஸ்எல்ஆர், அதாவது நிரலை நினைவகத்தில் முன்கூட்டி ஊகிக்க முடியாத இடத்தில் ஏற்றும் பாதுகாப்பு. கீட்ரா எடுத்துக்கொண்ட அடிமுகவரி (நிரல் தொடங்கும் முகவரி) ஹெக்ஸில் 140000000. விண்டோஸ் ஏற்றியது வேறிடத்தில். எக்ஸ்64டிபிஜியின் மெமரி மேப்பில் கிராக்மீ பெயருக்கு நேரே உள்ள முகவரியை, கீட்ராவின் மெமரி மேப்பில் வீடு படம் போட்ட பட்டனை அழுத்திக் கொடுத்தால் போதும். டீபக்கர் முதலில் நிற்கும் இடம் கிராக்மீ அல்ல, விண்டோஸின் சொந்தக் கோப்பான என்டிடிஎல்எல். அந்த முகவரியை எடுத்துடாதீங்க.

எதிர்பாராதது: கணினியை ரீஸ்டார்ட் செய்ததும் முகவரி மறுபடி மாறியது. பெரம்பூர் தம்பி சொன்னபடி, நிரல் கோப்பின் அமைப்பைத் திருத்த உதவும் சிஎஃப்எஃப் எக்ஸ்ப்ளோரரில் ஆப்ஷனல் ஹெடருக்குள் 'டிஎல்எல் கேன் மூவ்' டிக்கை எடுத்து நகலாகச் சேமித்தேன், இப்போது நகரவில்லை. தன் கோப்பையே சரிபார்க்கும் கிராக்மீக்கு இது ஆகாது, அதற்கு கீட்ராவில் முகவரியை மாற்றும் அக்கா வழிதான்.