முதல் சிலுவைப் போர்: துருக்கியர் ஜெருசலேமைப் பிடித்ததுதான் காரணமா?

ஓலைப்பெட்டி:
மகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன். துருக்கியர் ஜெருசலேமைப் பிடித்தார்கள், உடனே போப் படை திரட்டினார் என்றேன். எந்த வருடம் பிடித்தார்கள் என்றாள். பார்த்தால் 1070களில்! போப் பேசியதோ 1095இல். இருபது வருடம் என்ன செய்துகொண்டிருந்தார்களாம்?

பழஞ்சுவடி:
மகள் கெட்டிக்காரி. அந்த இருபது வருடத்தில் பெரும்பகுதி போப்புக்கு ரோமிலேயே நிம்மதி இல்லை, சகோதரி. ஆயர்களை நியமிப்பது யார் என்று போப் ஏழாம் கிரகோரிக்கும் ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றிக்கும் தகராறு. ஹென்றி போட்டிக்கு ஒரு போப்பையே உட்காரவைத்துவிட்டார். 1074இல் கிழக்கே படையோடு போகத் திட்டமிட்டவர்தான் கிரகோரி. இந்தச் சண்டையில் அது அமுங்கிப்போனது. பிறகு போப்பாக வந்த இரண்டாம் அர்பன் 1088இல் தேர்வானதுகூட ரோமில் இல்லை, டெர்ராச்சினா என்ற ஊரில்.

1095 மார்ச்சில் கிழக்கே கான்ஸ்டாண்டிநோபிளை ஆண்ட பைசாந்தியப் பேரரசர் அலெக்சியோஸின் தூதர்கள் இத்தாலியின் பியாச்சென்சாவுக்கு வந்து, அங்கே சபை கூட்டியிருந்த அர்பனிடம் உதவி கேட்டார்கள். அவருக்கு வேண்டியிருந்தது துருக்கியரைச் சமாளிக்கக் கொஞ்சம் போர்வீரர்கள், அவ்வளவுதான். நவம்பர் 27 அன்று பிரான்சின் கிளெர்மோனில் நடந்த திருச்சபைக் கூட்டத்தில் அர்பன் அதை ஜெருசலேம் யாத்திரையாக்கினார். ஹென்றியும் பிரெஞ்சு மன்னர் பிலிப்பும் அப்போது திருச்சபையால் விலக்கிவைக்கப்பட்டவர்கள். அரசர்கள் இல்லாத படைக்கு அழைப்பு விடுத்தவர் யார், பாருங்கள்.

முள்வேலி:
அப்படியானால் பதவிச் சண்டை. போனவர்களுக்கு நிலத்தாசை. சொத்து மூத்தவனுக்குப் போக, இளையவர்கள் கிழக்கே பிழைப்புத் தேடினார்கள். பக்தியெல்லாம் மேல்பூச்சு.

பழஞ்சுவடி:
நானும் ரொம்ப நாள் இதையே சொல்லித் திரிந்தவன்தான். நார்மண்டிப் பிரபு ராபர்ட் என்ற பெயரில் இடறி விழுந்தேன். அவர் மூத்த மகன், கையில் ஒரு நாடே இருந்தது. அதை 10,000 வெள்ளி மார்க்குக்குத் தம்பியிடம் அடகுவைத்துவிட்டுக் கிளம்பினார். இதுவா பிழைப்புத் தேடுவது?

பக்தி மேல்பூச்சா என்று பாருங்கள். இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் 1066இல் ஜெயித்த நார்மன் வீரர்களுக்கு ஆயர்கள் என்ன விதித்தார்கள் தெரியுமா? கொன்ற ஒவ்வொருவனுக்கும் ஒரு வருடப் பாவப் பரிகாரம். தொழிலே கொல்வது, கொன்றால் பாவம். ஒன்று ஆயுதத்தை விட்டுவிட்டு மடத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் நரக பயத்தோடு வாழ வேண்டும். பேருக்கோ பணத்துக்கோ அல்லாமல் பக்தியால் மட்டும் போகிறவனுக்கு அந்தப் பயணமே முழுப் பரிகாரம் என்றது கிளெர்மோன் தீர்மானம். வாள் இடுப்பிலேயே இருக்கலாம்! அர்பனின் அரசியல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது விலைபோனது இந்தப் பயத்தால்தான்.

ஓலைப்பெட்டி:
நன்றி ஐயா. கடைசியில் துருக்கியரிடமிருந்துதானே ஜெருசலேமை மீட்டார்கள்? அதையாவது நான் சரியாகச் சொன்னேனா?

பழஞ்சுவடி:
அதுவும் இல்லை! 1092இல் செல்ஜுக் சுல்தான் மாலிக் ஷா இறந்ததும் வாரிசுச் சண்டையில் துருக்கியர் சிதறினார்கள். எகிப்தின் பாத்திமியர் 1098இல் புகுந்து நகரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1099 ஜூலை 15இல் சிலுவைப் படை அதைப் பறித்தது அவர்களிடமிருந்து.

முள்வேலி:
பரிகாரம் தேடிப் புறப்பட்டவர்கள் 1096இல் ஜெர்மனியின் வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் யூதர்களை ஏன் வெட்டினார்கள்? யூதர்கள் எந்த நகரத்தைப் பிடித்தார்களாம்?

பழஞ்சுவடி:
அதற்கு நான் சப்பைக்கட்டு கட்டமாட்டேன். மைன்ஸ் பேராயர் யூதர்களுக்குத் தன் மாளிகையிலேயே அடைக்கலம் கொடுத்துப் பார்த்தார். வந்தவர்கள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.