தறிக்குடோன் பக்கத்து வீட்டில் ஹோம் சர்வர்: ராஸ்பெர்ரி பை 5-ஆ, என்100 மினி பிசி-யா?

பல்லடத்துக்காரன்:

வணக்கமுங்க. வீட்டிலேயே சின்னதா ஒரு சர்வர் வெக்கலாம்னு இருக்கேன். கிட் (புரோகிராம் மாத்தங்களைப் பதிஞ்சு வெக்கறது), போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், நாலஞ்சு டாக்கர் கன்டெய்னர் (தனித்தனியா ஓடற சின்னச் சின்ன புரோகிராம் பொட்டலம்), வீட்டு போட்டோ வீடியோ பேக்கப், அவ்வளவுதான். ராப்பகலா ஓடோணும். ஒத்தை போர்டுலயே முழுக் கம்ப்யூட்டரா வர்ற ராஸ்பெர்ரி பை 5 (8 ஜிபி), இல்லைன்னா இன்டெல்லோட என்100 சிப் வெச்ச மினி பிசி.

சுவத்தை ஒட்டி விசைத்தறிக் குடோன். கரண்ட் போயிப் போயி வருது, தறி ஓட்ட ஆரம்பிச்சா லைட் மங்குது, பஞ்சு எல்லாப் பக்கமும் பறக்குது. "8800 எம்ஏஎச்"னு போட்ட மினி யூபிஎஸ் ஒண்ணு ஆன்லைன்ல பாத்தேன். ஃபைபர் மோடம், ரவுட்டர், சர்வர் மூணையும் அதுலயே மாட்டிரலாமுங்களா?

நொய்யல்கரை:

என்100 வாங்குங்க. வேகத்துக்காகச் சொல்லலை.

வீடியோ பேக்கப்னு சொல்றீங்க. பை 5-ல ஹெச்.264-ங்கிற வீடியோ வகையைச் சுருக்கற ஹார்டுவேர் என்கோடரும் இல்லை, விரிக்கற டிகோடரும் இல்லை. ஹெச்இவிசி-ங்கிற இன்னொரு வகைக்கு டிகோடர் மட்டும்தான். போன்ல எடுத்த வீடியோவைச் சின்னதாக்கோணும்னா பிராசசரோட நாலு கோரும் அதுலயே மாட்டிக்கும். என்100-ல குயிக் சிங்க்னு வீடியோவுக்குன்னே தனி ஹார்டுவேர் இருக்குது, அந்த வேலையை அதுவே பாத்துக்கும்.

அடுத்தது கரண்ட். பை 5 முழுசா ஓட 5 வோல்ட், 5 ஆம்பியர் தர்ற அடாப்டர் வேணும். 3 ஆம்பியர் அடாப்டர்லயும் பூட் ஆகும், ஆனா யூஎஸ்பி போர்ட் நாலுக்கும் சேத்து 600 மில்லி ஆம்பியர்னு அடக்கிரும். வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டினா அது சுத்த ஆரம்பிச்சு நின்னு, திரும்ப ஆரம்பிச்சு நிக்கும். டிஸ்க் போச்சுன்னு நினைச்சுக்குவாங்க, டிஸ்க் மேல தப்பே இருக்காது. மினி யூபிஎஸ்-ல இருக்கிற யூஎஸ்பி ஓட்டை பெரும்பாலும் 5 வோல்ட் 2 ஆம்பியர்தான். பை 5-க்கு அது ஆகாது.

மூணாவது, பை பூட் ஆகற எஸ்டி கார்டு. எழுதிட்டிருக்கும்போது கரண்ட் போனா கார்டு கெட்டுப்போகலாம். அதைத் தவிர்க்க எஸ்எஸ்டி மாட்டற எம்.2 ஹேட் போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன், பெட்டி, கடிகாரத்துக்கு பேட்டரின்னு வாங்கிட்டே போனா மினி பிசி விலையைத் தொட்டுரும். பை 5-ல ஆர்டிசி-ங்கிற கடிகாரம் உள்ளேயே இருக்குது, பேட்டரி மட்டும் கூட வராது. பேட்டரி இல்லாம, நெட் வர்றதுக்கு முன்னாடி பூட் ஆச்சுன்னா பழைய தேதியிலயே நின்னு, கிட் கமிட்டெல்லாம் தப்பான நேரத்துல விழும்.

சென்சார், ஜிபிஐஓ (போர்டுல நேரா ஒயர் கோக்கற பின்) வேலை இருந்தா பை-க்கு ஈடு இல்லை. உங்க லிஸ்ட்ல அது இல்லீங்களே.

காளிங்கராயன்:

எம்ஏஎச் கணக்கைப் பாத்து ஏமாறாதீங்க தம்பி. அந்த 8800, உள்ள இருக்கிற 3.7 வோல்ட் செல் கணக்கு. வாட் அவர் பாருங்க: 8.8 × 3.7 = 32.5. அதை 12 வோல்ட்டுக்கு ஏத்தறதுல கொஞ்சம் போயிரும், கைக்கு வர்றது 27 வாட் அவர்னு வெச்சுக்கலாம். மோடமும் ரவுட்டரும் சேர்ந்து 10 வாட் இழுத்தா ரெண்டரை மணி நேரம். அதுக்கு இந்த டப்பா தாராளம்.

சர்வரையும் அதுலயே கோத்தா வம்பு. என்100 சும்மா இருக்கும்போது 10 வாட்தான், ஆனா பூட் ஆகறப்பவும் வீடியோ மாத்தறப்பவும் 25 வாட்டைத் தாண்டும். மினி யூபிஎஸ் தர்றது 12 வோல்ட் 2 ஆம்பியர், அதாவது 24 வாட். மினி பிசி கூட வர்ற அடாப்டரைத் திருப்பிப் பாருங்க, 12 வோல்ட் 3 ஆம்பியர்னு இருக்கும். கரண்ட் இருக்கிற வரைக்கும் நல்லா ஓடிட்டு, கரண்ட் போன அந்த நிமிஷத்துல லோடு தாங்காம எல்லாமே ஒண்ணா அணையும்.

பின்னையும் பாருங்க. மோடம், ரவுட்டர்ல சொருகற உருண்டை டிசி பிளக்குல 5.5 × 2.1, 5.5 × 2.5 மில்லிமீட்டர்னு ரெண்டு அளவு இருக்குது, கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். 2.1 பிளக் 2.5 சாக்கெட்டுல ஏறாது. 2.5 பிளக் 2.1-ல ஏறிரும், ஆனா ஆடும். மோடம் தானா ரீஸ்டார்ட் ஆகுதுன்னு நெட் கம்பெனிக்காரங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடி அதை ஆட்டிப் பாருங்க.

சர்வருக்குத் தனியா 600 விஏ லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ் (வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வெக்கற சாதா வகை) வாங்குங்க. உள்ள 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, காகிதக் கணக்குல 84 வாட் அவர். யூபிஎஸ் தானே தின்னறதையும் கழிச்சா, 20 வாட் லோடுக்கு ஒண்ணரை மணி நேரம் நம்பலாம். வீட்டுல ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தா இதுவும் வேண்டாம். 150 ஏஎச் பேட்டரின்னா 1800 வாட் அவர். பின்னாடி இருக்கிற சுவிட்ச்சை யூபிஎஸ் மோடுக்கு மாத்துங்க, இல்லைன்னா கரண்ட் மாறும் நேரத்துல சர்வர் அணைஞ்சு எந்திரிக்கும். அதுல ஒரு சிக்கல்: யூபிஎஸ் மோடு தாழ்ந்த வோல்டேஜை ஏத்துக்காது. லைன் 180-க்குக் கீழ போனா பேட்டரிக்குத் தாவிரும். சாயங்காலம் பூராத் தறி ஓடி லைன் தாழ்ந்தே கிடந்தா பேட்டரி சார்ஜே ஏறாது. மல்டிமீட்டரை வெச்சு, தறி ஓடறப்ப ஒரு தரம், ஓடாதப்ப ஒரு தரம் அளந்துட்டு முடிவு பண்ணுங்க.

லைட் மங்கறதுக்குப் பயப்பட வேண்டாம். மோட்டார் கிளம்பறப்ப ஓடற கரண்ட்டைப் போல அஞ்சாறு மடங்கு இழுக்கும். அடாப்டர் 100-ல இருந்து 240 வரை தாங்கும். பயப்படோணும்னா நியூட்ரல் அறுந்து போறதுக்குப் பயப்படுங்க. பேஸுக்கும் பேஸுக்கும் நடுவுல 415 வோல்ட், நியூட்ரல் விட்டுப்போனா உங்க ஒத்தை பேஸ் வீட்டுக்குள்ள 350, 400-ன்னு ஏறும். ஸ்பைக் கார்டு (spike guard) பிளக் பாக்ஸ் இதைத் தடுக்காது. அது கண்ணிமைக்கிற நேர வீச்சுக்குத்தான். எம்சிபி பெட்டியில டின் ரெயில்ங்கிற பட்டை மேல மாட்டற ஓவர்-அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர் போடுங்க: மேல 270, கீழ 170, திரும்ப இணைய 180 விநாடி. போன கரண்ட் வந்ததும் குடோன்ல எல்லாத் தறியும் ஒரேயடியா எந்திரிக்கும், அந்தக் குதியாட்டம் அடங்கின பொறவு உங்க வீடு இணையட்டும். மாட்டறது எலெக்ட்ரீஷியன் வேலை, நீங்க கை வெக்காதீங்க.

சோமனூர் ஊடை:

பஞ்சைப் பத்தி யாருமே பேசலை. அதுதான் முதல் எமன்.

தறிப் பஞ்சு சாதாரணத் தூசி இல்லை. தறியில நீளவாக்குல ஓடற பாவு நூல்ல கஞ்சி போட்டிருக்குது. அந்தக் கஞ்சித்தூளும் சேர்ந்து வரும். ஈரக்காத்து அடிச்சா பிசினாட்டம் ஹீட் சிங்க்ல ஒட்டி, கம்பளி மாதிரி ஆயிரும். மினி பிசி பெரும்பாலும் அடிப்பக்கத்துல இருந்து காத்தை உறிஞ்சுது, பஞ்சு தேங்கறதும் தரையோரம்தான். அதனால ஃபேன் இல்லாத, வெளியே துடுப்பு வெச்ச பெட்டியில வர்ற என்100-ஐப் பாருங்க. துடுப்பு செங்குத்தா நிக்கற மாதிரி, அஞ்சடி உசரத்துல சுவத்துல மாட்டுங்க, சுத்தி அரையடி இடம் விடுங்க. அட்டாலியில வேண்டாம், சிமென்ட் ஷீட் கூரைன்னா சித்திரை வெயில்ல அடுப்பு.

ஃபேன் வெச்சதே வாங்கினா, ஓட்டைக்கு மேல கொசுவலைத் துணியை ரெண்டு மடிப்பா ஒட்டி வாரம் ஒருக்கா உதறுங்க. குடோன் கம்ப்ரசர் பக்கத்துலயே இருக்குதேன்னு அதுல ஊதிராதீங்க. அழுத்தம் அதிகம், தண்ணியும் சேர்ந்து வரும், ஃபேன் கண்டபடி சுத்தி பேரிங் போயிரும். ஃபேனை ஒரு ஈர்க்குச்சியில நிறுத்திட்டுக் கை புளோயர்ல ஊதுங்க.

பல்லடத்துக்காரன்:

நன்றிங்க எல்லாருக்கும். இன்வெர்ட்டர் இல்லை, 600 விஏ-வே வாங்கறேன். நான் பாத்த மாடல்ல யூஎஸ்பி போர்ட் இல்லை. பேட்டரி தீர்றதுக்குள்ள சர்வரை ஒழுங்கா எப்படி அணைக்கறது?

நொய்யல்கரை:

பழைய ரவுட்டர் ஒண்ணை யூபிஎஸ் இல்லாம நேரா சுவத்து பிளக்ல போட்டு, வீட்டு ரவுட்டர்ல இருந்து அதுக்கு லேன் கேபிள் இழுத்து மாட்டுங்க. கரண்ட் போனா அது அணைஞ்சிரும். சர்வர்ல இருந்து அதுக்கு நிமிஷத்துக்கு ஒரு பிங் ("இருக்கியா"ன்னு கேக்கற சின்னச் செய்தி). இருபது தரம் தொடர்ந்து பதில் இல்லைன்னா ஷட்டவுன். நடுவுல ஒரு தரம் பதில் வந்தாலும் எண்ணிக்கையைப் பூஜ்யம் ஆக்கிருங்க. நடுவுல இருக்கிற வீட்டு ரவுட்டர் மினி யூபிஎஸ்-ல இருக்கோணும், இல்லைன்னா இந்தக் கணக்கே தப்பு.

மினி பிசி-யோட பயாஸ்ல (பூட் ஆகறப்ப வர்ற செட்டிங்ஸ்) "ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்" இருக்கும், அதைப் "பவர் ஆன்" பண்ணிருங்க, போன கரண்ட் வந்ததும் சர்வர் தானா எந்திரிக்கும்.

காளிங்கராயன்:

அதுல ஒரு ஓட்டை இருக்குதுங்க. சர்வர் ஒழுங்கா அணைஞ்சிருச்சு, யூபிஎஸ் பேட்டரி இன்னும் தீரலை, அதுக்குள்ள கரண்ட் வந்துருச்சு. மினி பிசி-யைப் பொறுத்தவரைக்கும் கரண்ட் போகவே இல்லை. அப்புறம் அது எப்படித் தானா எந்திரிக்கும்? நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க, சர்வர் தூங்கிட்டிருக்கும்.

ஷட்டவுன் பண்றப்பவே ஆர்டிசி அலாரத்தை 30 நிமிஷம் தள்ளி வெச்சுட்டு அணைங்க. எந்திரிச்சதும் அதே பழைய ரவுட்டருக்கு அஞ்சு நிமிஷம் பிங் பண்ணட்டும். பதில் இல்லைன்னா மறுபடி அலாரம் வெச்சுப் படுத்துக்கட்டும். பயாஸ்ல "ஈஆர்பி"ங்கிற கரண்ட் மிச்சப்படுத்தற செட்டிங் ஆன்ல இருந்தா சில போர்டுல அலாரம் வேலை செய்யாது, அதை ஆஃப் பண்ணுங்க.

சோமனூர் ஊடை:

யூபிஎஸ் பேட்டரி மேல வாங்கின தேதியை மார்க்கர்ல எழுதி வெச்சிருங்க. நம்மூர் சூட்டுக்கு ரெண்டு, மூணு வருஷம்தான். வருஷத்துக்கு ரெண்டு தரம் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்க. இருபது நிமிஷம் தாங்கலைன்னா பேட்டரி மாத்தோணும்.