மெஜஸ்டிக் ஹோட்டலுக்குள் போனவர்கள் சொல்லுங்கள்

செந்தூல் மகன்:
கோலாலம்பூரில் பழைய ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிறதே, அதே மெஜஸ்டிக். அப்பா அந்த ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன், ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை. ரோட்டுக்கு அந்தப் பக்கமே காலம் தள்ளியவர், ஹோட்டலாக இருந்தவரை உள்ளே போனதில்லை. 1984-ல் அது தேசிய ஓவியக்கூடமான பிறகு என்னைக் கூட்டிப் போனார். வாசற்படியில் செருப்பைக் கழற்றினார். காவலாளி போட்டுக்கொள்ளச் சொல்லியும் கேட்கவில்லை. ஓவியம் எதையும் அவர் பார்த்த மாதிரி இல்லை. ஜன்னல் ஜன்னலாக நின்று ஸ்டேஷனையே பார்த்தார். "இங்கேயிருந்து பார்த்தா கோபுரம்தான்டா தெரியுது, நாங்க நிக்கிற இடம் தெரியல" என்றார். அந்தக் குரல் இன்னும் போகவில்லை.

கிள்ளான் பேத்தி:
தம்பி, உங்கள் அப்பாவுக்கு வேலையாவது இருந்தது. ஹோட்டல் திறந்தது 1932. ஈயமும் ரப்பரும் விலை சரிந்து கிடந்த நேரம். வேலையில்லாத தோட்டத்து ஜனங்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தாத்தாவும் அப்படிப் போய், பிறகு திரும்பி வந்தவர். உறவினர் ஒருவரின் விருந்துக்கு நான் அந்த ஹோட்டலுக்குப் போயிருந்தபோது, அது திறந்த வருஷத்தை யாரோ சொன்னார்கள். தாத்தா கப்பலேறிய அதே வருஷம்! தட்டில் வைத்தது அப்படியே இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
அக்கா, கோபம் நியாயம்தான். ஆனால் கட்டடத்தின் மேல் ஏற்றாதீர்கள். இந்த ஊரே அப்படித்தானே தொடங்கியது? 1857-ல் அம்பாங் பக்கம் ஈயம் தேடிப் போன 87 சீனர்களில் பெரும்பாலோர் ஒரே மாதத்தில் காய்ச்சலில் செத்தார்கள்.

என் கதை சின்னது. 1998-ல் ஓவியக்கூடம் இடம் மாறியது. பூட்டிக் கிடந்த மெஜஸ்டிக்கை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவேன். இடித்துவிடுவார்களோ என்ற பயம் 2012-ல் மறுபடி திறக்கும்வரை இருந்தது.

போகிறவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப் போங்கள். முதலில் ஸ்டேஷனைச் சுற்றி வாருங்கள், 1910-ல் வந்தது, ஹப்பக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்தது. பெரியவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், அப்புறம் என்று தள்ளிப்போடாதீர்கள். நேரமிருந்தால் பத்து ரோடு என்று பெயர் இருந்த இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் 1921-லிருந்து இருக்கும் கொலிசியம் கஃபேக்கும் ஒரு நடை. தோட்டத் துரைகளும் ஈயச் சுரங்கத் துரைகளும் உட்கார்ந்து குடித்த இடம். மெஜஸ்டிக்கில் பக்கத்திலேயே புதிதாக எழுப்பிய உயரமான கட்டடம் உண்டு. அதற்குள் போய்விட்டுத் திரும்பிவிடாதீர்கள். பழைய வெள்ளைக் கட்டடத்துக்கு எது வழி என்று கேட்டுப் போங்கள்.